பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது

காவிரி வட்டார ரக்பிக் கழகத்தின் விதி விளக்கக் குழுவில் ரக்பி ஆட்டம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதனால் பாரபட்சத்துக்கு இடமே இல்லை என்று குழுவின் தலைவர் பாக்கியநாதன் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் சொல்வார். கேட்பவர்கள் கைதட்டுவார்கள். பிறகு வடை வரும்.

குழுவின் அலுவலகம் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் இருந்தது. சுஜா முதல்முறை அந்தப் படிகளில் ஏறியது ஜனவரியில். இருபத்திரண்டு வயது. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டுத் திருவெறும்பூரில் அம்மாவோடு இருந்தாள். துவாக்குடியில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் இருந்தது. மாவட்டக் கோப்பையை வென்ற அணியில் ஆடியதற்கான சான்றிதழை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். கடைசி நாள் ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

ஐந்து மாதம் இருக்கிறதே என்று நினைத்தாள். காலத்தைப் பற்றி நாலு செமஸ்டர் படித்தவளுக்கு அந்த நம்பிக்கை வந்திருக்கக் கூடாது.

நடந்தது இவ்வளவுதான். டிசம்பரில் இறுதி ஆட்டம், பக்கத்துக்கு ஏழு பேர். கடைசி நிமிடத்தில் சுஜாவுக்குப் பந்து வந்தது. கைக்கு வந்த பந்து நழுவித் தரையில் குத்தி எழும்பியது. ஓடுகிற ஓட்டத்திலேயே அதை எடுத்துக்கொண்டு எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அழுத்தி வைத்தாள். அப்படி வைத்தால் புள்ளி. நடுவர் விக்டர் விசில் ஊதினார். ஜெயித்தாகிவிட்டது.

எதிரணியின் கேப்டன் லூர்துராணி, அந்த ஆத்திரத்தில், ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். பந்து கையில் பட்டு முன்னால் போய்த் தரையில் விழுந்தால் அதற்கு நாக்-ஆன் என்று பெயர். அது குற்றம். பின்னால் போனால் குற்றமில்லை. சுஜாவின் கையில் பட்ட பந்து முன்னால்தான் போனது என்பது புகார்.

மறுநாளே ஆத்திரம் தணிந்து லூர்துராணி மண்டி மாடிக்குப் போனாள்.

“சார், புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார். ஏதோ கோவத்துல எழுதிட்டேன்.”

பாக்கியநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

“புகார் கொடுக்கறது உன் உரிமைம்மா. குடுத்துட்ட. சந்தோஷம். இனி அது எங்க சொத்து.”

*

முதல் விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

“பந்து உன் கையில பட்டுச்சா?”

“தெரியலைங்க சார்.”

“உன் கைதானே?”

“இடது சுண்டுவிரல்ல பட்டிருக்கலாம் சார். போன வருஷம் பிராக்டிஸ்ல அடிபட்டதுலேர்ந்து அந்த விரல்ல உணர்ச்சி இல்லை.”

பாக்கியநாதன் பக்கத்தில் இருந்த செயலாளர் ரங்கநாதனைப் பார்த்தார். ரங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர். ரக்பி விதிப் புத்தகத்தைத் தமிழில் பெயர்த்து உரையும் எழுதி வந்தார். ‘முன்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் இருபத்தோரு பக்கம் ஆகியிருந்தது. அந்த விதியோ மொத்தம் இருபத்தேழு வரிதான்.

“மூலத்துல ‘கை அல்லது புஜம்’னுதான் இருக்கு,” என்றார் ரங்கநாதன். “கைன்னா என்ன? ஸ்பரிசம் தெரியற அவயவம். ஸ்பரிசமே தெரியாத விரல் கையில சேர்த்தியா இல்லையாங்கறதுக்கு வியாக்யானம் வேணும். ரொம்ப ரஸமான இடம் இது, ஸ்வாமி.”

“முதல்ல விரல்ல உணர்ச்சி இல்லைங்கறதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டு வரட்டும்,” என்றார் பாக்கியநாதன்.

டாக்டர் விரலில் ஊசியால் குத்தினார். சுஜா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?” என்று கேட்டாள். அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ‘சுண்டுவிரல் கையைச் சேர்ந்ததே. அதில் உணர்ச்சி இல்லாமலிருப்பது ஆட்டக்காரரின் சொந்த விஷயம்.’

*

இரண்டாவது விசாரணை மார்ச் கடைசியில். கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக வெங்காயச் சருகு பறந்து வந்து கோப்புகள் மேல் உட்கார்ந்தது.

“பந்து கையில பட்டதுன்னு வெச்சுக்குவோம்,” என்றார் பாக்கியநாதன். “முன்னால போச்சா, பின்னால போச்சா?”

இந்தக் கேள்விக்கு சுஜா தயாராக வந்திருந்தாள். ஒரு தாளில் படம் கூடப் போட்டு வைத்திருந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“நான் ஓடிட்டிருந்தேன் சார். ஓடறவ கையிலேர்ந்து பந்து பின்பக்கமா நழுவினாலும், அந்த வேகத்துல தரையில கொஞ்சம் முன்னாடி போய்தான் விழும். அதனால முன்னாலன்னு கேக்கறீங்களே, அது தரையைப் பொறுத்தா, என்னைப் பொறுத்தா சார்?”

கீழே ஒரு மூட்டை விழுந்தது.

“எங்களைப் பொறுத்தும்மா,” என்றார் பாக்கியநாதன்.

தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோப்பில் சேர்க்க முத்திரைத்தாளில் வரைந்திருக்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

“நான் என் சர்வீஸ்ல நாற்பதாயிரம் பத்திரம் பாத்திருக்கேன். ஒரு இடத்தை நேர்ல போய்ப் பாத்ததில்லை. பாக்கவும் கூடாது. பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். வடக்கே என்ன, தெற்கே என்ன, கிழக்கே என்ன, மேற்கே என்னன்னு நாலு எல்லை எழுதியிருந்தா போதும். இல்லாத நிலத்தைக்கூட அப்படித்தான் பதிஞ்சு கொடுத்திருக்கோம். ஒருத்தர் வந்து என் கையெழுத்து தப்புன்னு சொன்னதில்லை. நிலம்தான் இல்லைன்னாங்க. அதனால செயலாளர், முன்னால்னா எல்லை எதுன்னு படிங்க.”

ரங்கநாதன் படித்தார். எதிரணியின் டெட்பால் கோட்டை நோக்கிய திசையே ‘முன்’. டெட்பால் கோடு என்பது ஆடுகளத்தின் கடைசிக் கோடு. அதைத் தாண்டினால் பந்து செத்துவிடும்.

மைதானப் பொறுப்பாளர் பிச்சமுத்துவுக்குக் கடிதம் போனது. டெட்பால் கோட்டின் எல்லைகள் யாவை? ஒன்பது நாளில் பதில் வந்தது. ஐயா, சுண்ணாம்புப் பொடி ஒரு மூட்டைதான் கொடுக்கிறீர்கள். சுற்றிப் போட்டு வரும்போது அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. எட்டு வருடமாக அப்படித்தான். யாரும் கேட்கவில்லை. இப்படிக்குப் பிச்சமுத்து.

குழு அன்று மாலையே அவசரமாகக் கூடியது. சுஜாவை வரவழைத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தவில்லை.

“அப்படின்னா எட்டு வருஷமா நம்ம மாவட்டத்துல முன்னால்ங்கறதே இல்லை,” என்றது பாக்கியநாதன் குரல்.

“பின்னாலும் இல்லை, ஸ்வாமி. ஒண்ணு இருந்தாதானே இன்னொண்ணு.”

“இதுவரைக்கும் குடுத்த சர்ட்டிபிகேட்டெல்லாம்?”

“அதைப் பத்தி யாரும் புகார் கொடுக்கலையே.”

“அப்ப அதெல்லாம் சரி.”

சுஜாவை உள்ளே கூப்பிட்டார்கள். தீர்மானத்தை ரங்கநாதன் வாசித்தார். முன் என்ற திசை இல்லாததால் நாக்-ஆன் நடந்ததாகச் சொல்ல முடியாது. நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் அவள் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தது செல்லுமா என்றும் சொல்ல முடியாது. அது தெரியாமல் விக்டர் ஊதிய விசில் அவசரப்பட்டு ஊதியது. ஆகவே டிசம்பர் பதினாலாம் தேதி தொடங்கிய ஆட்டம் இன்னும் முடியவில்லை. பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது.

“முடியாத ஆட்டத்துக்கு எப்படிம்மா சர்ட்டிபிகேட் குடுக்கறது?” என்றார் பாக்கியநாதன், வருத்தமாகவே. “பந்து ஒருநாள் டெட்பால் கோட்டைத் தாண்டிச் சாகட்டும். நாங்க விசில் ஊதறோம். அன்னிக்கே கையெழுத்து.”

“கோடு எப்ப போடுவீங்க சார்?”

“சுண்ணாம்புக்கு அடுத்த நிதியாண்டுலதான் தீர்மானம் போடணும்.”

பிறகு பீரோவைத் திறந்து, அரக்கு முத்திரை வைத்த ஒரு பையிலிருந்து பந்தை எடுத்தார். கடைசியாகப் பந்து இருந்தது அவள் கையில்தான். அதனால் அது அவள் பொறுப்பு. கீழே வைக்கக் கூடாது, வைத்தால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அவள் அணியைச் சேராத யாரிடமும் கொடுக்கக் கூடாது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பந்தை இடுக்கிக்கொண்டு போட்டாள்.

“சரிங்க சார்,” என்றாள்.

*

அதற்குப் பிறகு சுஜா பந்தோடு இருந்தாள்.

பல் தேய்க்கும்போது அக்குளில். சாப்பிடும்போது மடியில். படுக்கும்போது நெஞ்சின் மேல், இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு. முதல் வாரம் அம்மா திட்டினாள். இரண்டாவது வாரம் தையல்காரரிடம் கொடுத்து ஒரு துணிப்பை தைத்து வந்தாள். பையில் வைப்பது கையில் வைப்பது ஆகுமா என்று சுஜா குழுவுக்கு எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“உங்கப்பா இருந்திருந்தா அந்த மாடியையே ரெண்டாக்கியிருப்பாரு,” என்றாள் அம்மா.

“ம்.”

“உனக்குக் கோவமே வராதாடி?”

சுஜா யோசித்துப் பார்த்தாள். எங்கோ இருக்கும் என்று தோன்றியது. தேடிப் போகிற தூரத்தில் இல்லை.

துவாக்குடி பஸ்ஸில் நடத்துனர் சரவணனுக்கு அவள் பழகிவிட்டாள். “எம்மா, குழந்தையை மடியில வெச்சுக்க. இன்னொருத்தர் உக்காரட்டும்,” என்பார். பஸ் சிரிக்கும். சுஜா பந்தை மடியில் வைத்துக்கொள்வாள்.

ஏப்ரல் நடுவில் லூர்துராணி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம்.

“ஏய், என்னைத் தப்பா நெனக்காத. இதைப் படி.”

குழு எழுதியிருந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருப்பதால், பந்து வைத்திருப்பவரைத் தடுத்து வீழ்த்த முயல்வது எதிரணியின் கடமை. நான்கு மாதமாக அப்படி எந்த முயற்சியும் நடந்ததாகத் தெரியவில்லை. ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தேவை.

“உன்னைத் தள்ளிவிடணுமாம்டி.”

“சரி, தள்ளு.”

“சாப்ட்டியா?”

“இல்லை.”

“அப்ப சாப்ட்டுட்டு வா, அப்பறம் பாக்கலாம்.”

சாப்பிட்ட பிறகு லூர்துராணி அவள் தோளில் கை வைத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். தேதி, நேரம், ‘முயன்றேன், இயலவில்லை’ என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். அதிலிருந்து வாரம் ஒருமுறை வருவாள். தோளில் தட்டுவாள். அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள். அவள் அணியில் மற்ற ஆறு பேரில் நாலு பேர் வேலைக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆட்டம் நடந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

*

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை சுஜா மண்டி மாடிக்குப் போனாள். பாக்கியநாதன் நல்ல மனிதர். சான்றிதழை எடுத்துப் பெயர் எழுதித் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

“பந்து இன்னும் சாகலை. ஆனா செத்தா உபயோகமாகட்டும். செயலாளர் கையெழுத்து போட்டாத்தான் செல்லும். அவரு இன்னைக்கு வீட்டுல.”

சுஜா லூர்துராணிக்குப் போன் செய்தாள். விதிப்படி எதிரணிக் கேப்டனும் கூட இருக்க வேண்டும். அவள் வந்து சேர மணி இரண்டாயிற்று. இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய்ச் சித்திரை வீதியில் இறங்கி நடந்தபோது மணி மூன்று. வெயிலில் கண் கூசியது. மூன்றரைக்குக் கையெழுத்துக் கிடைத்தால் ஐந்துக்குள் துவாக்குடி போய்விடலாம்.

ரங்கநாதன் வாசலிலேயே நாற்காலி போட்டு உரை எழுதிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோமளா தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ, வாங்கோ. ‘பின்’னுக்கு இப்பத்தான் பதினாலாம் பக்கம் வந்திருக்கேன்.”

“சார், இன்னைக்குக் கடைசி நாள் சார்.”

“தெரியுமே. ஆனா கோடு இல்லையேம்மா. நான் என்ன பண்ணட்டும்? விதி கைய கட்டிப் போட்டிருக்கு.”

கோமளா செம்பைக் கீழே வைத்தார். “என்ன கோடு?”

லூர்துராணி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், சுண்ணாம்பு மூட்டை வரைக்கும்.

“ஒரு கோட்டுக்கா இந்தப் பொண்ணு ரெண்டு மாசமா பந்தும் கையுமா அலையறது?” என்றார் கோமளா. “ஏன்னா, கோடு எதால போடணும்னு உங்க புஸ்தகத்துல இருக்கோ?”

ரங்கநாதன் மூலத்தைப் புரட்டினார். உரையைப் புரட்டினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “வெள்ளையா இருக்கணும்னு இருக்கு.”

“எங்க போடணும்னு?”

“கடைசியா இருக்கணும்.”

கோமளா கோலமாவு டப்பாவை எடுத்து வந்தார். படிக்கட்டுக்கு முன்னால் குனிந்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, கையை ஒருமுறைகூட எடுக்காமல் ஒரு கோடு இழுத்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

ரங்கநாதன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். பதினாலு வருடம் உரை எழுதியவரின் முகத்தில், எழுதியதெல்லாம் தெருவில் கிடப்பதைப் பார்த்த கலக்கம் இருந்தது.

“கோடுதான்,” என்றார். “பந்தோட தாண்டும்மா. சர்ட்டிபிகேட்டைக் கையில எடுத்து வெச்சுக்கோ. இந்தப் பக்கம் வந்ததும் போட்டுடறேன்.”

பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சுஜா நாலடி தள்ளி நின்றாள். வலது கையால் தோள்பையிலிருந்து சான்றிதழை எடுத்தாள். பந்து இடது கைக்குப் போயிற்று. மணி மூன்று இருபது. இரண்டடி நடந்தாள்.

பந்து நழுவியதை அவள் உணரவில்லை. பார்த்தாள். சுண்டுவிரலை ஒட்டிக் கழன்று, கோழிமுட்டை உருளுவதுபோல உருண்டு, அவளுக்கு எதிரே போய்த் தரையில் குத்தியது. ஒருமுறை துள்ளியது. கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் நின்றது.

தெருவில் ஒரு மாடு போயிற்று.

ரங்கநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“நாக்-ஆன்,” என்றார். பிறகு சத்தமாக, “கோமளா, பார்த்தியோ! இதுதாண்டி நாக்-ஆன்! கையில பட்டது. முன்னால போச்சு. தரையில விழுந்துது. அத்தனையும் அப்படியே இருக்கு! பதினாலு வருஷமா எழுதறேன், இன்னிக்குத்தான் கண்ணால சேவிச்சேன்.”

“சார், அது எப்படி சார்?” என்றாள் லூர்துராணி. “முன்னால்ங்கறதே நம்ம மாவட்டத்துல இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க?”

“இப்ப கோடு இருக்கேம்மா.”

லூர்துராணி சுஜாவைப் பார்த்தாள். “நீ சொல்லுடி. பின்னாலதான் போச்சுன்னு சொல்லு.”

சுஜா பந்தைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள்.

“முன்னாலதான் போச்சு சார்,” என்றாள்.

ஆறு மாதத்தில் அவளும் குழுவும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ரங்கநாதன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே போய் அலமாரியில் விசில் தேடினார். கிடைக்க நேரமாயிற்று. வந்து ஊதினார். பாதி தூசிதான் வந்தது.

“இனிமே பந்து எதிரணிக்கு,” என்றார் லூர்துராணியிடம். “எடுத்துக்கோம்மா. ரசீது நாளைக்கு அனுப்பறேன்.”

லூர்துராணி பந்தை எடுத்துக்கொண்டு நேரே கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். “தாண்டிட்டேன். செத்துடுச்சு. கையெழுத்து போடுங்க சார்.”

“அது உங்க அணியோட டெட்பால் கோடும்மா. நீ ஓட வேண்டியது எதிர்ப்பக்கம். இந்தப் பக்கம் எத்தனை தடவை தாண்டினாலும் நீ பின்னாலதான் போயிண்டிருக்க. நீ தாண்டவேண்டிய கோடு அந்தக் கோடியில இருக்கணும்.”

கோமளா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

“மாவு தீர்ந்துடுத்தேன்னா,” என்றார்.

*

பஸ் காவிரிப் பாலத்தில் நின்றது. எதிரே ஏதோ ஊர்வலம். ஜன்னலோரம் சுஜா, பக்கத்தில் லூர்துராணி, அவள் மடியில் பந்து. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். முன்னால் ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்த கடிகாரத்தில் ஐந்து ஆயிற்று, ஐந்து ஐந்து ஆயிற்று.

“இதைக் கீழ வைக்கக் கூடாதாடி?” என்று கேட்டாள் லூர்துராணி.

“வைக்கக் கூடாது. தூங்கறப்ப நெஞ்சு மேல வெச்சுக்க. அதான் வசதி.”

சுஜாவின் மடியில் ஒன்றுமில்லை. கைகள் இரண்டும் மடங்கி, பந்து இருந்த இடத்தைச் சுற்றி அப்படியே இருந்தன. நீட்டலாம் என்று நினைத்தாள். நீட்டவில்லை. இப்போது எதிரணி தன் அணிதான், தடுக்க வேண்டியவளும் தானே என்பது நினைவு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

லூர்துராணி ஒரு கையால் பந்தைப் பிடித்துக்கொண்டு மறுகையை அவள் தோளில் வைத்தாள். ஆட்டத்துக்காக வைத்தாளா, சும்மா வைத்தாளா என்று தெரியவில்லை. சுஜா கேட்கவில்லை. பஸ் நகரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.